காட்டோரக் கிராமங்களில் வேலை: விலங்கியல் படித்தவர் எங்கிருந்து தொடங்கலாம்?

விலங்கியல் இளநிலை கடைசி வருடத்தில் இருக்கிறேன், காட்டு விலங்குகளைக் காக்கும் வேலையை ஊர் மக்களோடு சேர்ந்து செய்ய ஆசைப்படுகிறேன், இதை நம்பிப் பிழைக்க முடியுமா, என்ன படிக்க வேண்டும், எங்கே போய்ச் சேர வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் பி.எட். படிக்கச் சொல்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

பிழைக்க முடியும். நீலகிரி, சத்தியமங்கலம், வால்பாறை, களக்காடு என்று பல இடங்களில் இந்த வேலையை வைத்தே குடும்பம் நடத்தி, பிள்ளைகளைப் படிக்கவைப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் கல்லூரி, சம்பளம் பற்றிப் பேசுவதற்கு முன்னால் வேலை என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். இந்தத் துறைக்குப் பெரும்பாலும் புலியையும் யானையையும் மனதில் வைத்துக்கொண்டுதான் வருகிறார்கள். வந்த பிறகு பாதி நாள் மாட்டுக் கணக்கிலும், ரேஷன் கடை வாசலிலும், வங்கிக் கடன் விண்ணப்பத்திலும் போகிறது. அதில் சலித்துப்போய் ஒரே வருடத்தில் திரும்பிவிடுகிறவர்கள் நிறைய. அதனால் மாட்டிலிருந்தே தொடங்குகிறேன்.

சீகூர்ப் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். நீலகிரி மலைக்கு வடக்கே மசினகுடியை ஒட்டி மாயாறு வரை விரிந்து கிடக்கும் வறண்ட காடு. காலையில் மாடுகளைக் காட்டோரம் ஓட்டிவிட்டு, சாயங்காலம் பட்டிக்குத் திருப்புவார்கள். ஒரு நாள் எண்ணும்போது ஒன்று குறையும். விடிந்ததும் தேடிப் போனால் புதருக்குள் இழுத்துக்கொண்டு போன தடம் தெரியும். தொண்டையில் பல் இறங்கிய குழி, பின்தொடைப் பக்கம் தின்ன ஆரம்பித்திருக்கும். இனி அந்த மாட்டுக்காரர் வனச்சரக அலுவலகத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும். வனவரோ வனக்காப்பாளரோ வந்து பார்க்க வேண்டும். கால்நடை மருத்துவர் வந்து புலி அடித்துத்தான் செத்தது என்று சான்று தர வேண்டும். போட்டோ, ஆதார் நகல், வங்கிப் புத்தக நகல், விண்ணப்பம் எல்லாம் சேர்த்துக் கொடுக்க வேண்டும். கோப்பு மேலே போய், ஒப்புதலாகி, கணக்கில் பணம் ஏற மாதக்கணக்கில் ஆகலாம். வருகிற தொகை பல நேரம் மாட்டின் சந்தை விலைக்குக் காணாது. மருத்துவர் அன்று வேறு ஊருக்குப் போயிருந்து, அவர் வருவதற்குள் உடல் அழுகிவிட்டால் அதுவும் சந்தேகம்தான்.

இதற்கிடையில் புலி மிச்சத்தைத் தின்ன அன்றிரவே திரும்பி வரும். மாட்டுக்காரர் வீட்டில் பயிருக்கு அடிக்கிற பூச்சிமருந்து இருக்கிறது. 2023 செப்டம்பரில் நீலகிரியில் அவலாஞ்சி அருகே இரண்டு புலிகள் செத்துக் கிடந்தன. அருகில் கிடந்த மாட்டின் உடலில் விஷம் இருந்தது. மாட்டைப் புலியிடம் பறிகொடுத்தவர்தான் கைதானார். செய்தியில் அவர் குற்றவாளி, சட்டப்படி அது சரியும்கூட. ஆனால் இந்த வேலைக்கு வருகிறவர் அந்த மனிதர் மாட்டை இழந்ததற்கும் விஷம் வைத்ததற்கும் இடையில் இருந்த மணி நேரங்களைத்தான் பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் யாராவது அவர் வீட்டு வாசலுக்குப் போயிருந்தால், சரகத்துக்கும் மருத்துவருக்கும் போன் போட்டிருந்தால், விண்ணப்பத்தை உட்கார்ந்து எழுதிக் கொடுத்திருந்தால், கையில் கொஞ்சம் இடைக்கால உதவி கொடுத்திருந்தால், கதை வேறு மாதிரி போயிருக்க வாய்ப்புண்டு. வடக்கே உத்தராகண்டில் கார்பெட் புலிகள் காப்பகத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் இப்படி உடனடி உதவித்தொகை கொடுக்கும் திட்டம் பல வருடங்களாகவே நடந்துவருகிறது. அரசின் இழப்பீடு தனியாகப் பின்னால் வரும். முதல் தொகை கைக்கு வருவது கோபம் ஆறுவதற்கு முன்னால்.

ஊர் மக்களோடு சேர்ந்த பாதுகாப்பு என்பதை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். காட்டு விலங்கு பிழைத்திருப்பதால் நாட்டுக்கு லாபம், அதன் நட்டம் மட்டும் காட்டோரம் இருக்கிற சில நூறு வீடுகளில் விழுகிறது. எந்த ஊருக்குப் போனாலும் அந்த நட்டம் யார் வீட்டில் விழுகிறது, எவ்வளவு விழுகிறது, அதை எப்படிக் குறைப்பது அல்லது பங்கிடுவது என்று பார்ப்பதே உங்கள் வேலை. மற்றதெல்லாம் இதற்குப் பிறகு.

அதே செத்த மாட்டை வைத்து இன்னொரு விஷயம். மாயாறு பள்ளத்தாக்கு தென்னிந்தியாவில், செத்த விலங்கைத் தின்று வாழும் பாறுக் கழுகுகள் கூடு கட்டும் முக்கியமான இடங்களில் ஒன்று. ஆற்றோரத்து நீர்மருது மரங்களில் அவற்றின் கூடுகளைப் பார்க்கலாம். 1990-களில் இந்தியா முழுக்க இவை கூட்டங்கூட்டமாக அழிந்தன. வெண்முதுகுப் பாறு 99 சதவீதத்துக்கு மேல் போய்விட்டது. காரணம் என்னவென்று 2004-ல்தான் தெளிவானது. மாட்டுக்கு வலி நிவாரணியாகப் போட்ட டைக்ளோஃபினாக் ஊசி, மாடு செத்த பிறகும் உடலில் தங்கி, தின்ற கழுகின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. 2006-ல் கால்நடைக்கு அது தடை செய்யப்பட்டது. ஆனால் மனிதருக்கான மருந்தே பெரிய குப்பிகளில் கிடைத்ததால் அதை மாட்டுக்குப் போடுவது தொடர்ந்தது. 2015-ல் குப்பியின் அளவை 3 மில்லியாகச் சுருக்கினார்கள். 2023-ல் அதே மாதிரி கழுகைக் கொல்லும் வலி நிவாரணிகளான கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் இரண்டையும் கால்நடைக்குத் தடை செய்தார்கள். சட்டம் டெல்லியில் வந்தது சரி. மசினகுடியிலோ தாளவாடியிலோ மருந்துக்கடைக்காரர் என்ன கொடுக்கிறார், மாட்டுக்காரர் என்ன கேட்டு வாங்குகிறார், அவசரத்துக்கு ஊசி போட வருகிறவர் பையில் என்ன வைத்திருக்கிறார் என்று யார் பார்ப்பது? கோவையை மையமாகக் கொண்ட அருளகம் போன்ற அமைப்புகள் கடை கடையாக, பட்டி பட்டியாக ஏறி இறங்கி இந்த வேலையைச் செய்திருக்கின்றன. கழுகைக் காப்பாற்றும் வேலையில் கழுகைப் பார்க்கும் நேரம் குறைவு. கழுகுக்குக் கேடு செய்யாத மெலாக்ஸிகாம் போட்டாலும் மாட்டுக்கு வலி குறையும் என்று மாட்டுக்காரரை நம்பவைக்கும் நேரம்தான் அதிகம்.

மாட்டுக்காரர் ஏன் அத்தனை மாடு வைத்திருக்கிறார் என்ற கேள்வியும் உங்களுக்கு வர வேண்டும். காட்டோரத்தில் பல மாடுகள் பாலுக்காக வளர்க்கப்படுவதில்லை, எருவுக்காகத்தான். பந்திப்பூர் ஓரத்துக் கிராமங்களில் நடந்த ஓர் ஆய்வு 2005-ல் வெளியானது. உலகச் சந்தையில் காபி விலை ஏறியபோது குடகு, வயநாட்டுத் தோட்டக்காரர்கள் அதிகம் எரு வாங்கினார்கள். எருவுக்கு விலை கிடைத்ததால் காட்டோரத்தில் மாடுகள் பெருகின. மேய்ச்சல் அழுத்தம் புலிக்காட்டின் மேல் விழுந்தது என்று அது காட்டியது. அந்தக் காட்டில் காலையில் மாடு ஓட்டிப் போகிற சிறுவனுக்கும் லண்டன் காபிச் சந்தைக்கும் அப்படி ஒரு தொடர்பு இருக்கிறது. இதைப் பார்க்கத் தெரிய வேண்டும் என்பதால்தான் விலங்கியல் மட்டும் போதாது என்கிறேன். ஊரின் வரவு செலவு தெரியாமல் காட்டின் கதை பிடிபடாது.

அடுத்தது வால்பாறை. இந்தத் துறையில் ஒரு நல்ல வேலை எப்படி இருக்கும் என்று யாராவது என்னைக் கேட்டால் நான் அங்கேதான் கைகாட்டுவேன். ஏறக்குறைய 220 சதுர கிலோமீட்டர் தேயிலை, காபித் தோட்டங்கள். சுற்றிலும் ஆனைமலை, பரம்பிக்குளம், வாழச்சால் காடுகள். யானைகளுக்கு இது ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்குப் போகிற வழி, தொழிலாளர்களுக்கு வீடு. இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையைச் சேர்ந்த ஆனந்தகுமாரும் அவருடைய குழுவும் 2002-லிருந்து யானைகளைப் பின்தொடர்ந்தார்கள். கூடவே யானையால் மனிதருக்கு நேர்ந்த ஒவ்வொரு மரணமும் எப்படி நடந்தது என்றும் விசாரித்தார்கள். அப்போது தெரிந்த விஷயம் எளியது. இறந்தவர்களில் பெரும்பாலானோருக்கு யானை அங்கே நிற்கிறது என்பதே தெரியாது. வேலை முடிந்து, கடைக்குப் போய்விட்டு, இருட்டில் பேருந்தை விட்டு இறங்கித் தோட்டப் பாதையில் நடக்கும்போது எதிரே யானை.

வேலி, அகழி என்று போகாமல், யானை எங்கே நிற்கிறது என்ற சேதியை ஊருக்குச் சொல்வது என்று முடிவெடுத்தார்கள். முதலில் உள்ளூர் கேபிள் டிவியில் அடியில் ஓடும் எழுத்தாகச் சொன்னார்கள். 2011-லிருந்து செல்போன் குறுஞ்செய்தி வந்தது. செல்போன் இல்லாதவருக்கும் பேருந்தில் வருகிறவருக்கும் தெரியும்படி முக்கியமான இடங்களில் சிவப்பு விளக்குகளை வைத்தார்கள். அந்த விளக்கைச் செல்போனிலிருந்தே எரியவைக்கலாம். எரியவைப்பவர் அந்தத் தோட்டத்திலேயே குடியிருப்பவர். மரணங்கள் குறைந்தன. 2015-ல் ஆனந்தகுமாருக்கு இயற்கைப் பாதுகாப்புக்கான விட்லி விருது கிடைத்தது.

விருதைவிட எனக்கு முக்கியமாகப்படுவது வேறு. விளக்குக்குப் பொறுப்பு ஊர்க்காரரிடம் போனது. யானை வந்ததைச் சொல்ல அவர் யாரையும் கேட்க வேண்டியதில்லை. அதோடு அந்தக் குழு பத்து வருடம் அங்கேயே குடியிருந்த பிறகுதான் இந்த முறை முழு உருவம் பெற்றது. இரண்டு வருடத் திட்டம், ஒரு அறிக்கை, ஒரு குறும்படம் என்று முடித்துக்கொண்டு கிளம்பியிருந்தால் இது நடந்திருக்காது. வேலை தேடும்போது பதவியை முதலில் பார்க்காதீர்கள். ஒரு நிலப்பகுதியைத் தேர்ந்தெடுத்து, அங்கே ஐந்து வருடமாவது இருக்க முடியுமா என்று பாருங்கள்.

வாழ்வாதாரம் பற்றி இனி. கிராம வளர்ச்சி என்ற பெயரில் நம் ஊர்களில் நடப்பது பெரும்பாலும் தையல் இயந்திரம் கொடுப்பது, மெழுகுவத்திப் பயிற்சி, காளான் வளர்ப்புப் பயிற்சி. பயிற்சி முடியும் அன்று போட்டோ எடுப்பார்கள். தைத்ததை யார் வாங்குவார், மூலப்பொருளை யார் மலைக்கு மேலே கொண்டுவருவார் என்று யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். இரண்டு வருடம் கழித்துப் போனால் இயந்திரத்தின் மேல் துணி மடித்து வைத்திருப்பார்கள். அந்த மக்கள் சோம்பேறிகள் என்று பயிற்சி கொடுத்தவர்கள் ஒரு முடிவுக்கும் வந்துவிடுவார்கள். எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தமுண்டு. ஒரு சமூகத்துக்கு ஏற்கெனவே தெரிந்த வித்தையை விட்டுவிட்டு, தெரியாத ஒன்றைக் கொண்டுபோய்த் திணிப்பதுதான் இங்கே அடிப்படைக் கோளாறு.

இதற்கு நேர் எதிரான உதாரணம் மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் இருக்கிறது. இருளர்கள் பாம்பு பிடித்துத் தோல் வியாபாரிகளுக்கு விற்றுக்கொண்டிருந்தார்கள். 1972-ல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதைத் தொடர்ந்து வந்த ஏற்றுமதித் தடையும் அந்தப் பிழைப்பை ஒரேயடியாக நிறுத்தின. பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கரும் இருளர்களும் சேர்ந்து 1978-ல் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார்கள். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கையும் பிடித்து, சில வாரம் வைத்து விஷம் எடுத்து, அடிவயிற்றுச் செதிலில் அடையாளம் போட்டு, திரும்பக் காட்டில் விடுகிறார்கள். நம் நாட்டில் பாம்புக்கடி மருந்து தயாரிக்கத் தேவைப்படும் விஷத்தில் மிகப் பெரும் பங்கு இங்கிருந்து போகிறது. புற்றின் வாயில் கிடக்கும் தடத்தைப் பார்த்து உள்ளே எந்தப் பாம்பு, போய் எவ்வளவு நேரமாகிறது என்று சொல்லும் அதே அறிவுதான். அது கொல்வதிலிருந்து உயிர் காப்பதற்கு மாறியது. 2023-ல் வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அதே சங்கத்துக்கு எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்று வனத்துறை அனுமதி தர வேண்டும். அனுமதி தாமதமானால் அந்தப் பருவத்து வருமானம் போச்சு. ஆகவே இங்கே வேலை செய்கிறவருக்குப் பாம்பும் தெரிய வேண்டும், கூட்டுறவுச் சட்டமும் தெரிய வேண்டும், கோட்டைக்கு எழுதும் கடிதமும் தெரிய வேண்டும்.

குமுளி எல்லை தாண்டினால் பெரியார் புலிகள் காப்பகம். அங்கே 1990-களின் கடைசியில், உலக வங்கி உதவியோடு நடந்த சூழல் மேம்பாட்டுத் திட்டத்தின்போது, காட்டுக்குள் திருட்டுத்தனமாக இலவங்கப்பட்டை உரித்துக்கொண்டிருந்தவர்களோடு வனத்துறை பேசி அவர்களை ஒரு குழுவாக்கியது. காட்டின் ஒவ்வொரு ஒற்றையடிப் பாதையும் அவர்களுக்குத் தெரியும். இப்போது அவர்கள் சுற்றுலாப் பயணிகளை நடைப்பயணம் அழைத்துப் போகிறார்கள், கூடவே காவலும் காக்கிறார்கள். பெண்கள் வசந்தசேனை என்ற பெயரில் 2002-லிருந்து தாங்களாகவே முறைபோட்டுக் காட்டில் ரோந்து போகிறார்கள். 1993-ல் தொடங்கிய, கோத்தகிரியை மையமாகக் கொண்ட கீஸ்டோன் அறக்கட்டளையின் துணையோடு, தேன், சிறுதானியம், காப்பி விற்கும் ஆதிமலைப் பழங்குடியினர் உற்பத்தியாளர் நிறுவனம் உருவானது. அதன் பங்குதாரர்கள் பழங்குடியினரே. 2021-ல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் ஈக்வேட்டர் பரிசு அதற்குக் கிடைத்தது. கூடலூர்ப் பக்கம் காட்டை மூடிப் படர்ந்திருக்கும் உண்ணிச்செடியை வெட்டி, அதன் தண்டிலேயே ஆளுயர யானைகள் செய்கிறார்கள் பெட்டக் குறும்பர், பணியர், காட்டுநாயக்கர். 2021-ல் அந்த யானைகள் லண்டன் பூங்காக்களில் நின்றன. களை குறைகிறது, கூலியும் கிடைக்கிறது. இந்த இடங்களிலெல்லாம் கணக்கர், தரம் பார்ப்பவர், சந்தைப்படுத்துபவர் தேவை. விலங்கியல் படித்த நீங்கள் டேலி என்ற கணக்கு மென்பொருளைக் கற்றுக்கொண்டு போனால் உங்களை விடமாட்டார்கள்.

உரிமை என்ற ஒன்றைத் தொடாமல் இதை எழுதி முடிக்க முடியாது. நமீபியாவில் 1996-ல் கொண்டுவந்த சட்டத் திருத்தம், காட்டு விலங்கால் வரும் வருமானத்தின் மீது ஊர் அமைப்புகளுக்கு உரிமை கொடுத்தது. இன்று அங்கே 80-க்கு மேற்பட்ட ஊர்க் காப்பகங்கள் இருக்கின்றன. நம் நாட்டில் காட்டு விலங்கு அரசின் பொறுப்பு, காடும் பெரும்பாலும் வனத்துறையின் கையில். ஊரை அழைத்துப் பேசலாம், கமிட்டி போடலாம், ஆனால் முடிவு பெரும்பாலும் வேறு இடத்தில். இதை மாற்ற வந்ததுதான் 2006 வன உரிமைச் சட்டம். பயிர் செய்யும் நிலத்துக்குத் தனிநபர் உரிமை, மேய்ச்சல், தேன், கிழங்கு போன்றவற்றுக்குச் சமூக உரிமை, காட்டைப் பாதுகாத்து நிர்வகிக்கும் உரிமை எல்லாம் அதில் உண்டு. தமிழ்நாட்டில் நீதிமன்ற உத்தரவால் பட்டா கொடுப்பது பல வருடம் நின்று, 2016-ல்தான் அந்தத் தடை நீங்கியது. இன்றும் பல ஊர்களில் மனு கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். இந்தச் சட்டத்தைப் படிக்காமல் ஒரு மலைக் கிராமத்துக்குள் காலடி வைக்காதீர்கள். பழங்குடியினரை வெளியேற்றினால்தான் புலி பிழைக்கும் என்ற பேச்சை நீங்கள் கேட்பீர்கள். புலி வந்தால் என்ன போனால் என்ன என்ற பேச்சையும் கேட்பீர்கள். இரண்டு பக்கமும் உங்களை இழுப்பார்கள். நான் முதலில் கேட்பது, இந்த முடிவை எடுக்கும் கூட்டத்தில் அந்த ஊர்ப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்களா என்பதைத்தான்.

சரி, படிப்பு. காட்டுயிர் பக்கம் ஆழமாகப் போக வேண்டுமென்றால் மயிலாடுதுறை மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியிலும் உதகை அரசு கலைக் கல்லூரியிலும் காட்டுயிர் உயிரியல் முதுகலை இருக்கிறது. செலவு குறைவு, காடு பக்கம். தேசிய அளவில் டேராடூன் இந்திய வனவிலங்கு நிறுவனம், பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையம் இரண்டும் பெயர் பெற்றவை. நுழைவுத் தேர்வு கடினம், சில ஆண்டுகளில் சேர்க்கை இல்லாமலும் போகலாம், அதனால் அறிவிப்பைக் கவனித்துக்கொண்டே இருங்கள். கோவை ஆனைக்கட்டியில் சலீம் அலி பறவையியல் மையம் இருக்கிறது. மக்கள் பக்கம் போக வேண்டுமென்றால் காந்திகிராமத்தில் ஊரக வளர்ச்சி, சென்னையில் சமூகப்பணி முதுகலை, மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனம், ஆனந்தில் உள்ள ஊரக மேலாண்மை நிறுவனம். என் கருத்து, விலங்கியல் இளநிலை வைத்திருப்பவர் முதுகலைக்குச் சமூகப்பணியோ ஊரக வளர்ச்சியோ எடுப்பது நல்லது. விலங்கைக் களத்தில் பழகிக்கொள்ளலாம். கடன், நிலம், சாதி, பஞ்சாயத்து இவற்றைப் புரிந்துகொள்ளும் பயிற்சி தானாக வராது.

படிப்புக்கு முன்னால் ஒரு வருடம் களத்துக்குப் போக முடிந்தால் அதைவிட நல்லது இல்லை. மணிமுத்தாறில் ஏட்ரீ என்ற சூழலியல் ஆய்வு நிறுவனத்தின் அகத்தியமலை மையம் தாமிரபரணிப் பறவைக் கணக்கெடுப்பை 2011-லிருந்து ஊர்க்காரர்களையும் மாணவர்களையும் சேர்த்து நடத்திவருகிறது. தன்னார்வலராகக் கலந்துகொள்ளலாம். கடல் பிடிக்குமென்றால் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரைக்குப் போங்கள். பாக் நீரிணையில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுக் காப்பகமாக 2022-ல் அறிவித்தார்கள். அங்கே வலையில் மாட்டிய கடற்பசுவை விடுவிக்க மீனவர் தன் வலையை அறுக்க வேண்டும். மறுபடியும் பழைய கேள்விதான், அந்த வலையின் விலை யார் தலையில்?

சம்பளம் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். சிறிய அமைப்புகளில் ஆரம்பச் சம்பளம் ஊரில் தனியார் பள்ளி ஆசிரியர் வாங்குவதற்குப் பக்கத்தில்தான் இருக்கும். தங்குமிடம் சில இடங்களில் கிடைக்கும். மத்திய அரசு நிதியுள்ள ஆய்வுத் திட்டத்தில் நெட் தேர்ச்சியோடு இளநிலை ஆய்வாளராகச் சேர்ந்தால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். ஆனால் திட்டம் முடிந்தால் வேலையும் முடிந்தது. பெரிய அமைப்புகளில் ஐந்து ஆறு வருட அனுபவத்துக்குப் பிறகு நிலைமை மாறும். நிலையான வேலை வேண்டுமென்றால் வனத்துறை இருக்கிறது. வனக்காப்பாளர் பணி இப்போது குரூப் 4 தேர்வு வழியாக, வனத்தொழில் பழகுநர் பணி குரூப் 6 வழியாக, இந்திய வனப்பணி யு.பி.எஸ்.சி. வழியாக வருகிறது. விலங்கியல் பட்டம் வனப்பணித் தேர்வுக்குப் போதும். வனத்துறைக்குள் போனால் மக்களோடு வேலை செய்ய முடியாது என்று நினைக்காதீர்கள். ஊர்க்காரரை உட்காரவைத்துப் பேசும் ஒரு நல்ல சரகர், பத்து அமைப்புகள் செய்வதைத் தனியாளாகச் செய்துவிடுவார்.

வீட்டுக்குச் சொல்வதற்கு இதுவே போதும் என்று நினைக்கிறேன். பி.எட். படிப்பதிலும் தப்பில்லை. பழங்குடி உண்டு உறைவிடப் பள்ளிகளில் நல்ல ஆசிரியர் இல்லாமல்தான் கஷ்டப்படுகிறார்கள். அங்கே சேர்ந்து பிள்ளைகளோடு காட்டைப் பற்றிப் பேசுவதும் இதே வேலைதான்.

களத்துக்குப் போன முதல் சில மாதம் எதையும் ஆரம்பிக்காதீர்கள். டீக்கடையில் உட்காருங்கள், ரேஷன் வரிசையில் நில்லுங்கள், நூறு நாள் வேலை நடக்கும் இடத்துக்குப் போங்கள். கேள்வித்தாளை வெளியே எடுக்காமல் பேசுங்கள். ஊரில் வயதானவர்களை அவர்கள் ஊர் முறைப்படி கூப்பிடுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை நடக்கும். எல்லாவற்றுக்கும் போய்ப் பின்னால் உட்கார்ந்து, யார் பேசுகிறார், யார் பேசாமல் இருக்கிறார் என்று கவனியுங்கள். சத்தியமங்கலம், தாளவாடி பக்கம் என்றால் கன்னடம் வேண்டும். இருளர், குறும்பர் மொழியில் நாலு வார்த்தை பேசினால் வாசலில் நிற்கவைக்காமல் உள்ளே கூப்பிடுவார்கள். பைக் ஓட்டத் தெரிய வேண்டும். யானை நடமாடும் பாதையில் இருட்டிய பிறகு போகாதீர்கள், உள்ளூர்க்காரர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அப்புறம், வாக்குக் கொடுக்காதீர்கள். பட்டா வாங்கித் தருகிறேன், இழப்பீடு வாங்கித் தருகிறேன் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டால் அந்த ஊர் அதை வருடக்கணக்கில் ஞாபகம் வைத்திருக்கும். விண்ணப்பம் எழுதித் தருகிறேன், கூட வருகிறேன் என்று மட்டும் சொல்லுங்கள். சொன்ன நாளில் போய் நில்லுங்கள்.

ஓர் அமைப்பில் சேர அழைத்தால் நீங்களும் அவர்களிடம் கேளுங்கள். இந்த ஊரில் எத்தனை வருடமாக இருக்கிறீர்கள்? இப்போதைய நிதி எப்போது முடிகிறது, முடிந்த பிறகு என்ன ஏற்பாடு? களப்பணியாளருக்கு விபத்துக் காப்பீடு உண்டா, வருங்கால வைப்பு நிதி பிடிக்கிறீர்களா? உங்களிடம் வேலை செய்கிற உள்ளூர் இளைஞர் பத்து வருடம் கழித்தும் கள உதவியாளராகவே இருப்பாரா, மேலே வர வழியிருக்கிறதா? நீங்கள் பெண்ணாக இருந்தால் தங்குமிடம், இரவில் போக்குவரத்து, புகார் கொடுக்கும் குழு பற்றியும் கூச்சப்படாமல் கேளுங்கள். காட்டோரத்தில் பெண்களிடம் பேசி விவரம் வாங்கும் வேலையைப் பெண்களே நன்றாகச் செய்கிறார்கள், அந்த இடங்களில் ஆள் பற்றாக்குறை எப்போதும் உண்டு. இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்காமல் பதில் சொல்கிற இடத்தில், சம்பளம் ஆயிரம் இரண்டாயிரம் குறைந்தாலும் சேரலாம்.